சொல்லாததுக்கு ஒரு சரி

ஆமா சார், நான்தான். நீங்க மூணாவது தடவை திரும்பிப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. டிவியில குகதாஸ அறைஞ்ச ஆளு. வெடி வீரமலை. நல்லாப் பாத்துக்குங்க. எந்திரிச்சு வேற சீட்டுக்கெல்லாம் போக வேணாம், திருச்சியிலயே பஸ்ஸு ரொம்பிருச்சு, போனா மெட்ராஸ் வரைக்கும் நின்னுக்கிட்டுத்தான் வரணும். உக்காருங்க. கடிச்சிர மாட்டேன்.

ஊர் பூரா போனுல அந்தத் துண்டு வீடியோவப் பாத்துட்டு என்னைத் திட்டுது. எத்தனை நிமிஷம் இருக்கும் அது? வேர்க்கடலை உரிச்சுத் திங்கிற நேரம்கூட இல்ல. அந்த நேரத்துல ஒரு மனுசன் யாருன்னு முடிவு பண்ணிட்டாங்க. அவனும் நானும் ஏழு வருஷம் ஒரே மேடையில நின்னோம் சார். அது எந்த வீடியோவுல இருக்கு?

அவன் நாளைக்குக் கனடா கெளம்புறான். இந்த வருஷத்துக்கான ஷூட்டிங் முடிஞ்சு போச்சாம். அதுக்குள்ள நான் போயி அவன ஒரு கேள்வி கேக்கணும். ஒரே ஒரு கேள்விதான். அதுக்குத்தான் விடிஞ்சதும் விடியாததுமா பஸ் ஏறிட்டேன். என்ன கேள்வின்னு கடைசில சொல்றேன், முதல்லயே சொன்னா உங்களுக்குப் புரியாது.

சிலோன்னுதான் கூப்பிடுவோம் அவன. குகதாஸ்ங்கிறதெல்லாம் டிவிக்காரன் வச்ச பேரு. அம்மா அப்பா வச்சது குகதாசன். யாழ்ப்பாணத்துலருந்து படகுல வந்து, எங்க ஊருக்குப் பக்கத்துல இருந்த அகதி முகாம்ல இருந்தான். எங்க குழுவுல பேட் வாசிக்க வந்தான். பேட்னா தெரியும்ல? குச்சியால தட்டினா இடி, மழை, குதிரைக் கொளம்பு, எல்லாச் சத்தமும் வரும். நாங்க பாட்டுக் கச்சேரிக்கு நடுவுல காமெடி போடுற குழு. கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சி விழா, எங்க கூப்பிட்டாலும் போவோம்.

நான் போலீஸ் வேஷம். சப்-இன்ஸ்பெக்டர். எனக்கு ஜோடி குண்டு ராஜாங்கம், அவன் திருடன். நான் கேள்வி கேப்பேன், அவன் ஏடாகூடமாப் பதில் சொல்லுவான், நான் அறைவேன். அறைவேன்னா நிஜமா இல்ல சார். அது ஒரு தொழில். கை கன்னத்துக்கு நாலு விரக்கடை முன்னாலயே போயிரும். அதே நேரத்துல அவன் முகத்தத் திருப்பணும். அதே நேரத்துல பின்னால உக்காந்திருக்கிற பேட்காரன் 'பளார்'னு சத்தம் குடுக்கணும். மூணும் ஒண்ணாச் சேந்தா சனம் நிஜம்னு நம்பிரும். சிலோன் அந்தச் சத்தத்துல கெட்டிக்காரன். என் தோள்பட்டை அசையுறதப் பாத்தே தட்டிருவான். ஒருநாளும் பிந்தினதில்ல.

ராஜாங்கம் துபாய்க்குப் போயிட்டான். சொல்லாமக் கொள்ளாம. அன்னிக்குச் சாயங்காலம் துறையூர்ல ப்ரோக்ராம், மேடையில லைட்டெல்லாம் போட்டாச்சு. எனக்கு அடி வாங்க ஆள் இல்ல. பாத்தேன், பின்னால இவன் ஒல்லியா உக்காந்திருக்கான். 'டேய் சிலோன், முன்னால வா'ன்னேன். 'அண்ணை, எனக்கு நடிக்கத் தெரியாது'ன்னான். 'நடிக்க வேணாம்டா, நீ பேசுற மாதிரியே பேசு போதும்'னேன். எப்படி ஐடியா பாத்தீங்களா? அவன் இன்னிக்கு கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு அதே பாஷையிலதானே பேசிக் கைதட்டு வாங்குறான்? அந்த வாசக் கதவத் தொறந்து விட்டவன் நான்.

'அண்ணை, பஸ் எத்தினை மணிக்கு வெளிக்கிடும்?' அப்படின்னான். கெளம்பும்கிறத அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நான், 'என்னடா வெளிக்கிடும்? தமிழ்ல பேசுடா!'ன்னு கைய ஓங்கினேன். ஓங்கினப்பறம்தான் ஞாபகம் வருது, பேட்ல ஆள் இல்ல. பேட்காரன்தான் எம் முன்னால நிக்கிறான். சத்தம் யார் குடுக்குறது? கை பாதியில போயிட்டு இருக்கு. நிறுத்தினா ப்ரோக்ராம் படுத்துரும். போட்டுட்டேன்.

பளார்.

சார், கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு. மைக்கே வேண்டியிருக்கல. அவனுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, வாயத் தொறந்தபடி என்னையே பாக்குறான். அப்புறம் சிரிச்சாங்க பாருங்க! துறையூர் மாதிரி ஊர்ல, சுலபத்துல பல்லக் காட்டாத சனம், தரையில தட்டிச் சிரிக்குது. ராஜாங்கத்தோட பொய் அடிக்கு இதுல கால்வாசிகூடச் சிரிச்சதில்ல.

அப்புறம் பேடுக்கு வேற ஆள் போட்டோம். ஆனா அதுக்குள்ள சனம் நிஜ அடியோட ருசியக் கண்டுபோச்சு. பொய் அடி அடிச்சா 'ஏமாத்தாத'ன்னு கத்துறான். நான் என்ன செய்யறது? சனம் கேக்குறதக் குடுக்குறவன்தானே கலைஞன்?

ஏன் சார் ஜன்னல் பக்கம் ஒண்டுறீங்க? நான் கைய ஆட்டி ஆட்டிப் பேசுவேன், அது பழக்கம். உங்கள ஒண்ணும் பண்ணாது.

பெரம்பலூர் தாண்டிருச்சு போல. சரி.

நான் அவனுக்குத் தொழில் சொல்லிக் குடுத்தேன் சார். அதை எவனும் சொல்ல மாட்டேங்கிறான். 'கண்ண மூடாத. பல்லக் கடிச்சுக்க. முகத்தப் பின்னால இழுத்தா கை காதுல படும், அதனால முன்னால கொண்டு வந்து கன்னத்தக் குடு. நீ குடுத்தா எனக்கும் சுலபம், உனக்கும் சேதாரம் இல்ல.' இப்படி உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்திருக்கேன். அவனும் நல்ல மாணவன். கை கெளம்புறதுக்கு முன்னாடியே கன்னம் வந்து நிக்கும்.

ஏழு வருஷத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவகூட அவன் என்னைத் திருப்பி அடிச்சதில்ல. கை ஓங்கினதுகூட இல்ல. அவ்வளவு நல்ல பய. மத்தவன்னா ஒரு நாளாவது கோவம் வராதா? முகாம்ல இருக்கிறவங்களே அப்படித்தான் சார், அடிதடி, கேசு, ஸ்டேஷன்னா ஒதுங்கிப் போயிருவாங்க. அடக்கமான சனம்.

நானும் அவன விட்டுக் குடுத்ததில்ல. முசிறியில ஒரு குடிகாரப் பய மேடையேறி வந்து, 'நானும் ஒண்ணு வைக்கிறேன்'னு சிலோனை அறைஞ்சிட்டான். எனக்கு எங்கருந்து வந்துச்சோ ஆத்திரம். மைக் ஸ்டாண்டைத் தூக்கி அவன் முதுகுல போட்டேன். விழுந்தான். விழுந்தவன் வாயிலயே மிதிச்சேன். ரெண்டு பல்லு மேடையில கெடந்துச்சு. 'எங்க ஆள அடிக்க நீ யாருடா நாயே'ன்னு கத்துறேன், எனக்கு அழுகையே வந்துருச்சு. அவ்வளவு பாசம் அவன் மேல. சிலோன்தான் என் இடுப்பப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனான். 'காணும் அண்ணை, காணும் அண்ணை'ன்னான். போதும்னு அர்த்தம்.

ஒரு நாள் அவன் பொண்டாட்டி என் வீட்டுக்கு வந்துச்சு. யோகம்னு பேரு. வாசல்லயே நின்னுச்சு, உள்ள வான்னாலும் வரல. 'அண்ணை, ஒண்டு கேப்பன், கோவிக்கக் கூடாது. அடிக்காதேங்கோ எண்டு நான் சொல்லேல்லை, அது உங்கட தொழில். ஆனா கன்னத்தில அடியுங்கோ. காதில அடிக்காதேங்கோ'ன்னுச்சு. எனக்குச் சந்தோஷமாப் போச்சு. தொழில் தெரிஞ்ச பொம்பள மாதிரிப் பேசுது பாருங்க! 'அவன ஒழுங்கா முகத்தக் குடுக்கச் சொல்லும்மா'ன்னு சொல்லி அனுப்பினேன். என் வீட்டுக்காரி உள்ளருந்து கேட்டுக்கிட்டே இருந்தா. அன்னிக்கு ராத்திரி சோறு போடாம முகத்தத் திருப்பிக்கிட்டா. அதுக்காக அவளுக்கும் ஒண்ணு வச்சேன். அவ இப்ப மகன்கூட திருப்பூர்ல இருக்கா. மகனுக்குத் துணைக்குப் போனவ, பதினாலு வருஷமா அங்கயே இருந்துட்டா. அது வேற கதை.

தொட்டியத்துல நடந்ததச் சொல்றேன். அதைத்தான் நீங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்படுறீங்க, இல்லையா?

அன்னிக்கு அவனுக்குக் காய்ச்சல். 'வேணாம்டா, படு'ன்னு நான் சொன்னேனா இல்லையான்னு எனக்கு இப்ப ஞாபகம் இல்ல. சொல்லியிருப்பேன். மேடையேறினான். மூணாவது அடிக்குக் கன்னம் வரல சார். பிந்திட்டான். என் கை முழுசா, இந்த உள்ளங்கைக் குழி இருக்கு பாருங்க, இது அப்படியே எடது காது மேல போயி மூடிக்கிச்சு. 'டப்'புன்னு வேற மாதிரி ஒரு சத்தம். காத்தடைச்ச பைய உடைச்சா வருமே, அப்படி. அவன் ஒத்த முட்டி போட்டு உக்காந்துட்டான்.

அப்புறம் எந்திரிச்சான். நான் என் வசனத்தச் சொன்னேன், 'உன் பேரு என்னடா?' அவன் என்னைப் பாத்து, 'என்ன அண்ணை?'ன்னான். வசனத்துல அது இல்ல. அவன் புதுசா எதையோ எடுத்து விடுறான்னு நான் நெனச்சுக்கிட்டேன். 'என்னடா, என்ன?'ன்னு ஒண்ணு வச்சேன். 'என்ன அண்ணை?'ன்னான் மறுபடியும். வச்சேன். சனம் சிரிக்க ஆரம்பிச்சிருச்சு. 'என்ன அண்ணை? என்ன சொல்லுறியள்?' வச்சேன். ஒவ்வொரு 'என்ன'வுக்கும் ஒண்ணு. பொம்பளைங்கள்லாம் முந்தானைய வாயில வச்சுக்கிட்டு உருளுறாங்க. பந்தக்கால புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான் ஒருத்தன். பதினோரு அடி. எப்படி எனக்குக் கணக்குத் தெரியும்னா, சனம் கூட்டா எண்ணிச்சு. ஒம்போது, பத்து, பதினொண்ணுன்னு கோரஸா.

காதுலருந்து நூல் மாதிரி ரத்தம் வந்து சட்டைக் காலர்ல எறங்குனத மேடை எறங்கினப்பறம்தான் பாத்தேன். சனம் அதைச் சாயம்னு நெனச்சுக்கிச்சு.

ஆசுபத்திரிக்குப் போலாம்டான்னேன். அவன் வேணாம்னுட்டான். முகாமுக்கு வெளியில தங்கணும்னா அனுமதி வாங்கணும், அவன் அன்னிக்கு வாங்கல. ஆசுபத்திரியில எங்கருந்து வர்றன்னு கேட்டா வம்பு. அதனால நானே நல்லெண்ணெயில பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, சூடு ஆற வச்சு, அவன் தலைய என் மடியில சாச்சு வச்சுக்கிட்டுக் காதுல விட்டேன். எவன் செய்வான் சார் இதெல்லாம்? விட்டப்போ அவன் கால் ரெண்டும் துடிச்சுச்சு. என் வேட்டியக் கடிச்சுக்கிட்டான். சத்தம் போடல.

அதுக்கப்புறம் எங்க போனாலும் 'அந்த என்ன அண்ணை காமெடி போடுங்க'ன்னுதான் கேட்டாங்க. மேல ரெண்டு வருஷம் போட்டோம். நல்லாப் போச்சு.

ஒரு நாள் வரல. ரெண்டு நாள் வரல. முகாமுக்குப் போயிக் கேட்டா, கனடாவுல யோகத்தோட அண்ணன் இருக்காராம், அங்க போயிட்டாங்கன்னாங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். போக வேணாம்னா நான் சொல்லப் போறேன்? எனக்கு அன்னிக்கு ஒரு வாய் சோறு எறங்கல. அடுத்த ப்ரோக்ராம்ல ஒரு புதுப் பயல நிறுத்தினேன். முதல் அடியிலயே மேடையிலருந்து குதிச்சு ஓடிட்டான். அதோட என் தொழில் படுத்துருச்சு. உண்மையச் சொல்றேன், அவன் இல்லாம நான் ஒண்ணுமே இல்ல. அது எனக்கு அப்பவே தெரியும். ஆனா அதை நான் அவன்கிட்டச் சொன்னதில்ல.

இன்னும் விக்கிரவாண்டி வரல இல்ல? அங்க நிப்பாட்டுவான், டீ சாப்பிடலாம்.

அவன் கனடாவுல பட்ட பாடெல்லாம் அவனே டிவியில சொல்லுவான், நீங்களும் கேட்டிருப்பீங்க. ஓட்டல்ல தட்டுக் கழுவினது. கழுவி முடிச்சுக் குடிச்சது. குடிச்சுட்டுப் பனியில விழுந்து கெடந்தது, யோகம் புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து தேடினது. அதோட குடிய விட்டான். அப்புறம் அங்க நம்மாளுங்க கல்யாணம், சாமத்திய வீடு, அதான் நம்ம சடங்கு வீடுன்னு மைக்கப் புடிச்சு நின்னு தன்னைத் தானே கிண்டல் பண்ணிப் பேச ஆரம்பிச்சான். அடி இல்ல, ஒதை இல்ல, சும்மா நின்ன எடத்துல நின்னு பேச்சு. அதைப் போனுல போட்டுப் போட்டுப் பெரிய ஆளாயிட்டான். மெட்ராஸ் டிவிக்காரன் கூப்பிட்டு ஞாயித்துக்கெழமை நிகழ்ச்சி குடுத்தான். பெரிய பெரிய ஆளெல்லாம் வந்து அவன் பக்கத்துல உக்காந்து பேசுறாங்க.

நான் ஒரு வாரம்கூட விடாமப் பாப்பேன். ஒண்ணு கவனிச்சேன். யார் வந்தாலும் வலது பக்கம்தான் உக்கார வைப்பான். மந்திரி வந்தாலும் வலது பக்கம், நடிகை வந்தாலும் வலது பக்கம். எடது பக்கம் காலியாக் கெடக்கும். வாஸ்து பாக்குறான் போலன்னு நெனச்சுக்கிட்டேன். பணம் வந்தா அதெல்லாம் வந்துரும்ல.

அப்புறம் போன மாசம் அந்த டிவியிலருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுது. 'சார், குகதாஸ் சாரோட ஆரம்ப காலத்துல நீங்கதான் கூட இருந்தீங்களாமே, அவர் உங்களக் கண்டிப்பாக் கூப்பிடச் சொன்னாரு'ன்னு. போன கையில வச்சுக்கிட்டு நான் அழுதுட்டேன் சார். மறக்கலையே பய! தலைக்குச் சாயம் பூசினேன். புதுச் சட்ட தச்சேன். குருநாதர்னு மால போடுவான், கூடவே ஒரு வேஷம் குடுத்து வச்சுக்குவான், வயசான காலத்துல ஒரு ஓரத்துல ஒண்டிக்கலாம், இப்படி எல்லாம் நெனச்சுக்கிட்டுத்தான் போனேன். மறைக்க என்ன இருக்கு.

எனக்கு எடது பக்கம் சோபா போட்டிருந்தான்.

இத்தனை வருஷத்துல எவனுக்கும் போடாத எடம்! எனக்கு நெஞ்சு விரிஞ்சு போச்சு. உக்காந்தேன். சனம் கை தட்டுச்சு. அவன் எந்திரிச்சு வந்து என் காலத் தொட்டான். மால எல்லாம் இல்ல. 'இவர்தான் என்னைப் பேட்டுக்குப் பின்னால இருந்து முன்னால கொண்டு வந்தவர்'னு சொன்னான். சொன்னான் சார், அதை எவனும் வெட்டி எடுத்துப் போடல. அப்புறம் நான் பேச ஆரம்பிச்சேன். அவன் ஒவ்வொரு வாட்டியும் உடம்ப முழுசாத் திருப்பி, வலது காத என் பக்கம் காட்டி, 'என்ன அண்ணை?'ன்னான். சனம் லேசாச் சிரிச்சுச்சு. எனக்குப் பழைய காமெடி ஞாபகம் வந்து நானும் சிரிச்சேன். நாலாவது தடவை அவன் 'என்ன அண்ணை?'ன்னப்போதான், என் சிரிப்பு வாய்க்குள்ளயே நின்னுச்சு. அவன் சிரிக்கல. அவனுக்கு நிஜமாக் கேக்கல.

எனக்கு முன்னாடியே தெரியுமான்னு கேக்காதீங்க. தெரியும்னா தெரியும். தெரியாதுன்னா தெரியாது.

அப்புறம் என் முகத்தையே பாத்து, 'அண்ணை, அந்தக் காலத்தப் பத்தி ஏதும் சொல்லோணும் எண்டால் சொல்லுங்கோ'ன்னான். அவன் காத்துக்கிட்டு இருக்கான். நான், 'உன் கன்னம் அப்பல்லாம் பன்னு மாதிரி இருக்கும்டா'ன்னேன். ஏதாவது சொல்லணும்ல. ரெண்டு பேர் சிரிச்சாங்க. அவன் சரின்னு தலைய ஆட்டிட்டு, 'வாங்கோ, ஒருக்கா போட்டுக் காட்டுவம். இண்டைக்குப் பொய் அடிதான். நீங்கள் கையை வீசுங்கோ, சத்தம் என்ர பொறுப்பு'ன்னான். அவன் பழைய பேட கொண்டு வந்து வச்சிருந்தான் சார்! அதே பேடு. குச்சிய வலது கையில எடுத்துக்கிட்டு, என் முன்னால வந்து நின்னான்.

'அண்ணை, பஸ் எத்தினை மணிக்கு வெளிக்கிடும்?'

'தமிழ்ல பேசுடா!'

அடிக்கணும்னு நான் நெனைக்கல சார். சத்தியமா நெனைக்கல. நாலு விரக்கடை முன்னால போயிரணும்னு மனசுல சொல்லிக்கிட்டேதான் வீசினேன். ஆனா அவன் கன்னம் வந்துருச்சு. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே, கண்ண மூடாம, பல்லக் கடிச்சுக்கிட்டு, முன்னால வந்து நின்னுச்சு. கன்னத்தப் பாத்ததும் கைக்கு ஒரு வேகம் வந்துருச்சு. என் கை, அவன் கன்னம், ரெண்டும் எங்க பேச்சக் கேக்கல.

பளார்.

குச்சி கீழ விழுந்துருச்சு. ஒருத்தன்கூடச் சிரிக்கல சார். முன் வரிசையில ஒரு அம்மா 'ஐயோ'ன்னுச்சு. யோகம். தலையெல்லாம் நரைச்சிருந்துச்சு, முதல்ல எனக்கு அடையாளம் தெரியல. அவன் குனிஞ்சு குச்சிய எடுத்தான். மெதுவாத் திரும்பி, பக்கத்துல இருந்த பேட்ல ஒரு தட்டு தட்டினான். பளார்னு சத்தம் வந்துச்சு. 'மன்னிக்கோணும், சத்தம் கொஞ்சம் பிந்திப் போச்சு'ன்னான் மைக்குல. அப்பதான் சனம் மூச்சு விட்டுச்சு. அப்புறம் எந்திரிச்சு நின்னு அவனுக்குக் கை தட்டினாங்க. என்னைக் காப்பாத்தி விட்டான் பய. அந்தத் தட்டையும் வசனத்தையும் வெட்டிட்டுத்தான் போனுல சுத்த விடுறாங்க.

முடிஞ்சதும் மேக்கப் ரூமுக்குக் கூப்பிட்டான். ரெண்டு பேர் மட்டும். பவுடரத் தொடச்சதும் கன்னத்துல என் அஞ்சு வெரலும் தெரிஞ்சுச்சு. எனக்குப் பயம் வந்து, 'நீதாண்டா மூஞ்சிய முன்னால கொண்டு வந்த'ன்னேன். 'ஓம் அண்ணை, பழக்கம்'னு சிரிச்சான். அப்புறம் நாக்காலிய இழுத்துப் போட்டு என் முன்னால உக்காந்தான்.

'அண்ணை, உங்களை அவமானப்படுத்த நான் கூப்பிடேல்லை. நீங்கள் மேடையில ஏதும் சொல்லுவியள் எண்டு நினைச்சன். எல்லாருக்கும் முன்னால கஷ்டம்தான், எனக்கு விளங்குது. இப்ப சொல்லுங்கோ'ன்னு சொல்லிட்டு, தலையத் திருப்பி எடது காத எனக்குக் காட்டினான். 'இந்தக் காதுக்குள்ள சொல்லுங்கோ. இது தொட்டியத்தில போனது. எனக்குக் கேக்காது. ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள் சொல்லிப் போட்டீங்கள் எண்டு தெரிஞ்சால் எனக்குக் காணும்.'

நான் பக்கத்துல போனேன். காதுக்குக் கீழ ஒரு தழும்பு. முருகன் மோதிரம் ஒண்ணு போட்டிருந்தேன் அந்தக் காலத்துல, அதோட விளிம்பு. என் வாய் அவன் காதுகிட்ட இருக்கு. என் மூச்சு அவன் மேல படுது. சார், ஒரு வார்த்தை. மேடையில மூணு மணி நேரம் நிறுத்தாமப் பேசினவன் நான். வரல. எவ்வளவு நேரம் அப்படியே நின்னேன்னு தெரியாது. வாயத் தொறக்கவே இல்ல.

அப்புறம் அவன் தலைய ஆட்டிட்டு எந்திரிச்சு, என் தோளத் தட்டி, 'சரி அண்ணை. காணும். போட்டு வாங்கோ'ன்னான். போயிட்டு வாங்கன்னு அர்த்தம்.

எப்படி சார்? நான் எதுவும் சொல்லலையே! நான் சொல்லாததுக்கு அவன் எப்படி சரின்னு சொல்லலாம்? அதான் என் கேள்வி. அதைக் கேக்கத்தான் போறேன். இது ஏமாத்து இல்லையா? நான் குடுக்காதத வாங்கிக்கிட்ட மாதிரி தோளத் தட்டி அனுப்பிட்டான். அன்னியிலருந்து எனக்குத் தூக்கம் இல்ல.

இந்தக் கன்னம் வீங்கியிருக்கிறத ஏறினதுலருந்து பாத்துக்கிட்டு வர்றீங்கள்ல? முந்தாநேத்து எங்க ஊர் டீக்கடையில நின்னுக்கிட்டு இருந்தேன். ஒரு இளவட்டம் வந்தான். 'நீங்கதான வெடி வீரமலை? குகதாஸ் அண்ணனுக்காக'ன்னான். பக்கத்துல இன்னொருத்தன் போனப் புடிச்சு எடுக்குறான். விட்டான் ஒண்ணு. டீ கிளாஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ரெண்டாவது, மூணாவது. கீழ விழுந்தேன், சட்டையப் புடிச்சுத் தூக்கி நிறுத்தி நாலாவது. கையில சுத்தம் இல்ல சார், கத்துக்குட்டி. பாதி காதுல பட்டுச்சு. அவன் என்னமோ சொல்றான், எனக்கு விளங்கல. 'என்ன தம்பி?'ன்னேன்.

கடையில இருந்தவன் அத்தனை பேரும் சிரிச்சாங்க.

என்கூட முப்பது வருஷம் அந்தக் கடையில டீ குடிச்சவங்க. வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. நான் கீழருந்து அவங்க ஒவ்வொருத்தன் மூஞ்சியா அண்ணாந்து பாத்தேன். மேடையில நின்னு பாத்தா அந்த மூஞ்சியெல்லாம் எவ்வளவு அழகா இருக்கும் தெரியுமா? கீழ கெடந்து பாக்கணும் சார். கீழ கெடந்து பாத்தா வேற மாதிரி இருக்கு. அவன் ஏழு வருஷம் அதத்தான் பாத்திருக்கான்.

அப்பருந்து இந்தக் காதுல 'ஙொய்'ன்னு ஒரு சத்தம், நிக்கவே மாட்டேங்குது.

நேத்துப் பூரா கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன். வரல. செவுத்தப் பாத்துச் சொல்லிப் பாத்தேன். வரல. கேள்விதான் கேக்கப் போறேன்னு சொன்னேன்ல, அது பொய் இல்ல. ஆனா கேள்வியக் கேட்டப்பறம் அவன் மறுபடியும் தலையத் திருப்பி அந்தக் காதக் காட்டினா? அப்பவும் நான் வாய மூடிக்கிட்டு நின்னா? நாளைக்கு ப்ளேன் ஏறிருவான் சார். எனக்கு வயசு அறுவத்தாறு.

சார், நீங்க யாரோ, நான் யாரோ. மெட்ராஸ்ல எறங்கினா நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரு ஒத்தாசை பண்ணுவீங்களா? கொஞ்சம் ஜன்னல் பக்கமாத் திரும்பிக்குங்க. உங்க காதக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்க. நீங்க பதில் ஒண்ணும் சொல்ல வேணாம். சரின்னு மட்டும் சொல்லிராதீங்க. ஒரே ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிறேன். அவன் பேரச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும். சிலோன்னு இல்ல, பேரு.

ஏன் சார் சுருங்குறீங்க? பயப்படாதீங்க. இந்தா, கை ரெண்டையும் தொடைக்குக் கீழ வச்சு அது மேல உக்காந்துக்கிட்டேன், பாருங்க.

குகதாசா...